நந்தன் வேஷமும் கட்டை வேஷமும்

"உனக்கு வேஷமே போட வேணாண்டா. அப்படியே வந்து நின்னா போதும்."

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நந்தனார் நாடகம் என்று முடிவானபோது, நாடகம் பழக்கிய வாத்தியார் என்னைப் பார்த்துச் சொன்னது இது. 1970. எனக்குப் பதினாலு வயசு. வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்தே சிரித்தேன்.

வேதியராக நடித்த பையனுக்குப் பூணூல், கரை வேட்டி, காதில் கடுக்கன், நெற்றியில் விபூதிப் பட்டை என்று ஒரு மணி நேரம் ஒப்பனை நடந்தது. எனக்கு ஒரு கிழிந்த வேட்டி. பழக்கும்போது சொல்லிக்கொடுத்தது மூன்றே விஷயம். முதுகை வளை. துண்டை இடுப்பில் கட்டு. பேசும்போது கையால் வாயைப் பொத்து. "உங்காளுங்க தெனமும் செய்யறதுதானே, இதப் போய் புதுசா கத்துக்கணுமா?" என்றும் ஒரு வார்த்தை.

அன்று ராத்திரி அப்பா கேட்டார்: "நாடகத்துல சேத்துக்கிட்டாங்களாமே, என்னா அடவு சொல்லிக் குடுத்தாங்க?"

"குனியச் சொன்னாங்கப்பா."

"குனியறது ஒரு அடவாடா?"

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் கேள்வியோடுதான் இத்தனை வருஷமும் நான் அலைந்திருக்கிறேன். நந்தன் என்கிற பாத்திரம் மேடையேறிய வரலாற்றை, நடிக்கிற உடம்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். இலக்கியத்தில் நந்தன், பக்தியில் நந்தன் என்று நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நந்தனாக நின்றவனின் முதுகெலும்பைப் பற்றி யாரும் எழுதினதாக எனக்குத் தெரியவில்லை.

*

அப்பா கூத்தாடி. சிதம்பரத்துக்கு மேற்கே வெள்ளாற்றுப் பக்கம் எங்கள் சேரி. பகலெல்லாம் பண்ணை வேலை. அறுப்பு முடிந்து பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் கூத்து. ஊர்த் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு எங்கள் ஜமாவுக்கு யாரும் தாம்பூலம் வைத்ததில்லை. அங்கே ஆட வெளியூரிலிருந்து வேறு ஜமா வரும். நம் ஆட்கள் தூரத்தில் வரப்பு மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்கள் ஜமாவுக்குச் சேரி மாரியம்மன் திருவிழா, காளியம்மன் திருவிழா, அப்புறம் கருமாதிக்கு முதல் நாள் ராத்திரி ஆடுகிற கர்ண மோட்சம். இதுதான் எங்கள் மேடை.

அப்பா ஒன்பது வயசில் ஜமாவில் சேர்ந்தார். முதல் வருஷம் வேஷம் கிடையாது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றணும். அரிதாரம் குழைத்துத் தரணும். வேஷக்காரன் களத்துக்குள் வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்களே, அதில் ஒரு முனையைப் பிடிக்கணும். விடிய விடியத் தூங்கக் கூடாது. தூங்கினால் வாத்தியார் தாளத்தாலேயே மண்டையில் தட்டுவார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பையன் இப்படித் திரை பிடித்தே திரை விருத்தமெல்லாம் பாடமாக்கிக்கொண்டார். அடுத்து இரண்டு வருஷம் பின்பாட்டு. விடிகிற நேரத்தில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தொண்டையைத் திறக்கணும். பிறகு தோழி வேஷம், அதற்குப் பிறகு அபிமன்னன். மீசை முளைத்து, தோள் அகன்று, குரல் உடைந்து கெட்டியான பிறகுதான் கட்டை வேஷம். அப்பாவுக்குத் துரியோதனன்.

கட்டை வேஷம் என்றால் என்ன என்று பட்டணத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடம், இரண்டு தோளிலும் இறக்கை மாதிரி புஜக்கட்டை, மார்பில் பதக்கம். இடுப்பைச் சுற்றிப் புடவைகளை அடுக்கடுக்காகக் கட்டி விரிந்து நிற்கிற பாவாடை. காலில் சலங்கை. மரம் லேசுதான், ஆனால் எல்லாம் சேர்ந்தால் லேசில்லை. அதைக் கட்டிக்கொண்டு விடிகிற வரை ஆடணும், பாடணும், சுழலணும். கிரீடத்தை இழுத்துக் கட்டுகிற கயிறு தாடைக்குக் கீழே முடிச்சு விழும். தலை முன்னால் சாய்ந்தால் கிரீடம் முன்னால் இழுக்கும், கயிறு தொண்டையை அறுக்கும். தோள் சரிந்தால் புஜக்கட்டை தாடையில் இடிக்கும்.

"கிரீடம் கட்டினவன் குனிய முடியாதுடா. குனிஞ்சா அதுவே கழுத்த அறுத்துடும்" என்பார் அப்பா. இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை, தொழில் நுணுக்கமாகச் சொன்னார். பீஷ்மரை வணங்குகிற இடத்தில்கூடத் துரியோதனன் முதுகை வளைக்க மாட்டான். முழங்காலை மடித்து நேராக இறங்கி, நேராக எழுந்திருப்பான். நடவு நட்டே வளைந்த முதுகு ராத்திரி அப்படி நிமிர வேண்டும். நெல்மூட்டை சுமந்த கழுத்துதான் கிரீடத்தையும் தாங்கியது. அப்பாவின் பயிற்சியில் பாதியைப் பண்ணை வேலை கொடுத்தது. மீதிப் பாதி, அந்தப் பண்ணை வேலை உடம்பில் எழுதி வைத்ததை அழிப்பதற்கான பயிற்சி.

விடிந்ததும் அரிதாரம் கழுவுவார். காதுக்குப் பின்னால் சிவப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். பண்ணைக்குப் போனால், "என்னடா துரியோதன மகாராசா, மடை தொறந்தாச்சா?" என்று ஆண்டை கேட்பார். துண்டு கக்கத்துக்குப் போகும். முதுகு வளையும். "தொறந்துட்டேங்க." அந்தக் குனிவும் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதை அவர் ஒருநாளும் அடவு என்று சொன்னதில்லை.

*

இனி நந்தனுக்கு வருவோம்.

சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவாரைப் பேர் சொல்லி வணங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார். கதையை விரித்தது 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார். பெரியபுராணத்து நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடிக்காரன். அவனுடைய தொழிலைக் கொஞ்சம் கவனியுங்கள். கோயில் முரசுகளுக்குத் தோல், இழுத்துக் கட்ட வார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை, இதெல்லாம் கொடுக்கிறவன். கோயிலுக்குள் எழும் ஓசையெல்லாம் அவன் கைபட்டது. அவன் உடம்பு மட்டும் வெளியே. திருப்புன்கூரில் நந்தி விலகியது, தில்லையில் தெற்கு வாயிலுக்கு வெளியே தீ மூட்டினார்கள், அதில் இறங்கிப் பூணூல் போட்ட முனிவனாக எழுந்தான், உள்ளே போய் மறைந்தான். இந்தக் கதையில் வேதியர் என்கிற பண்ணையார் கிடையாது. அடிமை வேலை கிடையாது. உத்தரவு கேட்டு நிற்பதும் கிடையாது.

அதெல்லாம் வந்தது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில். 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் முயற்சியில் அது அச்சேறியது. அதற்கு முன்பே பாரதியார் கதாகாலட்சேபமாக அதைப் பாடிப் பாடித் தஞ்சைச் சீமையில் பிரபலமாக்கியிருந்தார். காலத்தைப் பாருங்கள். 1843-இல்தான் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று கம்பெனி அரசு சட்டம் போட்டது. சட்டம் வந்தும் காவிரிப் பாசனத்தில் பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். பாரதியார் நந்தனைப் பண்ணையாள் ஆக்கினார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிற வேதியரை எதிரே நிறுத்தினார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் காலத்துப் பண்ணைக் கொடுமையைப் பாட்டுக்குள் கொண்டுவர ஒரு பிராமணர் துணிந்தார் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் நடிக்கிறவனுக்கு அதனால் நேர்ந்தது வேறு. நந்தனுக்கு முக்கியமான காட்சியெல்லாம் 'உத்தரவு கேட்கிற' காட்சி ஆயிற்று. போகலாமா, வரலாமா, நிற்கலாமா. கேட்கிறவனுடைய முதுகு எப்படி இருக்கும் என்பதைச் சமூகம் ஏற்கனவே எழுதி வைத்திருந்தது. மேடை அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

மாஞ்சி ராகத்தில் ஒரு கீர்த்தனை இருக்கிறதே, உள்ளே வரலாமா என்று நந்தன் கேட்பது, அதைப் பரதநாட்டிய மேடையில் பலரும் அபிநயம் பிடித்து நான் பார்த்திருக்கிறேன். சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி எங்கள் பகுதியில் பெயர் பெற்ற விழா. கோபுர வாசல்களில் 108 கரணங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிற கோயில் ஊர் அது. பட்டும் நகையும் போட்ட நாட்டியக்காரர் அந்தப் பாட்டு வந்ததும் முதுகை வளைத்து, தோளை ஒடுக்கி, வாயைப் பொத்தி, எட்டி எட்டிப் பார்த்துப் பின்வாங்குவார். சபை கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பல வருஷம் பழகிய உடம்பு அது, குறையே சொல்ல முடியாது. பாட்டு முடிந்ததும் அவர் நிமிர்ந்துவிடுவார். குனிவு அவருக்கு ஒரு பாவம், போட்டுக் கழற்றுகிற வேஷம். என் அப்பாவுக்குக் கிரீடம்தான் கழற்றுகிற வேஷம். இந்த வித்தியாசம் உறைத்த அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏன் ஒப்பனை வேண்டாம் என்றார்கள் என்பது முழுசாகப் புரிந்தது. நந்தனாக என்னை நடிக்கச் சொல்லவில்லை அவர்கள். நானாகவே நிற்கச் சொன்னார்கள்.

*

சினிமாவிலும் நந்தன் வந்தான். 1935-இல் 'பக்த நந்தனார்'. நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். வேதியர், மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அந்த அம்மாவின் பயிற்சியும் லேசுப்பட்டதல்ல. கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சின்னப் பிள்ளையில் ரயிலில் பாடிக் காசு வாங்கி, அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாடகத்தில் சேர்த்துவிட, இலங்கை வரை போய் ஆடி வளர்ந்தவர். ஆண் வேஷம் அவருக்குப் புதிதல்ல. 1933-இல் கணவர் கிட்டப்பா இறந்த பிறகு வெள்ளைச் சீலையோடு ஒதுங்கி இருந்தவரை அந்தப் படத்துக்கு அழைத்து வந்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. பெண் ஒருத்தி நந்தனாகலாம், அதற்கு லட்சமும் கொடுக்கலாம். குரல் இருந்தால் போதும்.

1942-இல் ஜெமினியின் 'நந்தனார்'. எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். தேசிகர் தேவாரம் ஓதுகிற மரபில் வந்தவர். பிற்காலத்தில் சிதம்பரத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறையில் பேராசிரியராக இருந்தார். 1941-இல் தமிழிசைக்காகத் தீர்மானம் போட்ட ஊர் அண்ணாமலைநகர். அப்பா இந்தப் படத்தைக் கொட்டாயில் தரை டிக்கெட்டில் பார்த்திருக்கிறார். "பாட்டுன்னா பாட்டு, மனுசன் உருக்கிப்புட்டாரு" என்பார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நம்மாளு அப்படி நடக்க மாட்டான்டா. ஏர் ஓட்டறவன் கால் அப்படியா வைப்பான்?" என்பார். குரலில் பக்தி இருந்தது, காலில் சேறு இல்லை என்பது அவருடைய விமரிசனம். சினிமா விமரிசனம் எழுதுகிறவர்கள் எவரும் நந்தனின் காலைப் பார்த்ததாக நான் படித்ததில்லை.

என்.எஸ். கிருஷ்ணன் ஒருவர்தான் அந்தக் காலத்தில் கதையைப் புரட்டிப் போட்டார். அவருடைய 'கிந்தனார்' காலட்சேபத்தில், 'நல்லதம்பி' படத்திலும் (1949) அது வருகிறது, கிந்தன் சிதம்பரத்துக்குப் போகவில்லை. ரயிலேறிப் பட்டணத்துக்குப் படிக்கப் போகிறான்.

மேடையிலும் திரையிலும் பேர் வாங்கிய நந்தன்களை எண்ணிப் பாருங்கள். நம் சேரியிலிருந்து அந்த வரிசைக்குப் போனவர் என்று எனக்குச் சொல்ல ஒரு பேர் கிடைக்கவில்லை. மிருதங்கத்துக்குத் தோல் போனது. ஆள் போகவில்லை.

*

சிதம்பரத்தில் நந்தன் கதை மட்டும் அல்ல, அரசியல். தீக்குளித்த இடம் என்று சொல்லப்படுகிற ஓமக்குளம் இன்னும் இருக்கிறது. 1916-இல் சுவாமி சகஜானந்தா அந்த நகரத்தில் நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பேர்தான். 1959-இல் அவர் இறக்கும்வரை அதற்காகவே வாழ்ந்தார். சட்டமன்றத்துக்கும் போனார். அப்பா அங்கே இரண்டு வருஷம் படித்திருக்கிறார். அரைகுறையாக எழுத்து வந்தது அங்கேதான். வாசலில் நின்று உத்தரவு கேட்டவனுடைய பேரை வைத்து, உத்தரவு கேட்காமல் பிள்ளைகள் உள்ளே போகிற ஒரு கட்டடத்தை எழுப்பியிருக்கிறார் மனுஷர். அதற்கு மேல் நந்தன் கதைக்கு ஒரு புது முடிவு யாரால் எழுத முடியும்?

1927-இல் காந்தி சிதம்பரம் வந்தார். நந்தன் ஆர்ப்பாட்டம் செய்யாமல், தன்னைத்தானே வருத்திக்கொண்டு தடைகளை உடைத்தவன் என்ற பொருளில் பேசினார். கீர்த்தனையின் நந்தன் இப்படித் தேசிய அரசியலுக்கும் முன்மாதிரி ஆனான். எரிந்தவன் பொறுமைக்குப் பாராட்டு வாங்கினான். தீ மூட்டினவர்களைப் பற்றிய கேள்வி அடியில் போய்விட்டது.

இன்னொரு பக்கம் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். 1952-இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றம் போனவர். 1965-இல் அமைந்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவர், 1969-இல் அறிக்கை கொடுத்தவர். எங்கள் பகுதியில் அவருடைய பேர் இன்னொன்றுக்காகவும் பேசப்படும். சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று ஜனங்களை நிமிர வைத்தார். அதற்கு வாங்கிய அடி உதையெல்லாம் 'சித்திரை நெருப்பு' என்கிற அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் சில சேரிகளில் பறையை உடைத்தார்கள், எரித்தார்கள். கூத்தும் எதற்கு என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். "படிக்கிற பசங்க ராத்திரி முழுக்கச் சலங்கை கட்டி ஆடறதா?" என்று பெரியவர்கள் திட்டினார்கள். நானும் அந்தக் கட்சிதான். அப்பாவின் கிரீடத்தைப் பரணில் ஏற்றியது நான். எனக்கு அது வெட்கமாக இருந்தது. எது சுமத்தப்பட்ட ஊழியம், எது கற்றுத் தேர்ந்த கலை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்தேன்.

*

1968 டிசம்பர் 25 வெண்மணி. நாற்பத்து நான்கு பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். நான் நந்தனாகக் குனிந்து நின்றது அதற்கு இரண்டு வருஷம்கூட ஆகாத நேரத்தில். எங்கள் பள்ளிக்கூடத்து மேடையில் சிவப்பு ஜிகினாத் தாளால் தீ செய்திருந்தார்கள். அதற்குள் இறங்கிப் பூணூலோடு நான் எழுந்தபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்றைக்கும் என் காதில் நெருடுகிறது.

நந்தனை எரித்தது திட்டமிட்ட கொலை என்று மேடையில் சொல்ல இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' (1978) வர வேண்டியிருந்தது. அதையொட்டிய வருஷங்களில் தமிழ் நாடகமே புரண்டு படுத்தது. 1977-இல் கூத்துப்பட்டறை. 1980-இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சி முகாம். அதிலிருந்து கிளம்பிய வீதி நாடகக் காய்ச்சல். நவீன நாடகக்காரர்கள் கூத்தைத் தேடிக் கிராமத்துக்கு வந்தார்கள். நாங்கள் பரணில் போட்டதை அவர்கள் மேடையில் வைத்தார்கள்.

1991 அம்பேத்கர் நூற்றாண்டு. கடலூரில் மாணவர்கள், வாத்தியார்கள், தொழிலாளிகள் சேர்ந்து ஒரு குழு. நானும் இருந்தேன். நந்தனை வீதி நாடகமாகப் போட்டோம். முப்பத்தைந்து வயசில் மறுபடியும் நான்தான் நந்தன். இந்தத் தடவை குனியவில்லை. வாய் பொத்தவில்லை. தீயில் இறங்கவில்லை, கொள்ளிக்கட்டையைக் கையில் எடுத்தேன். மஞ்சக்குப்பத்தில் ஆடினபோது ஜனம் ஆர்ப்பரித்தது. கூட்டத்துக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டேன். "எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லாப் பேசின. பேச வேண்டியதுதான்."

"அப்பறம்?"

"கால் பேசலடா. நிமிந்து நின்னதா நீ நெனச்சுக்கிட்ட. நெஞ்சத் தூக்கின, அவ்வளவுதான். முதுகு அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களே, அப்படியேதான் இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. எங்கள் நாடகத்தை எதிர்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அதில் எவரும் இப்படி ஓரிடத்தில் கை வைக்கவில்லை. ஊருக்குப் போனதும் அவரே பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். புஜக்கட்டையில் ஒன்று உளுத்துப் போயிருந்தது. கிரீடம் தப்பியிருந்தது. எனக்குக் கட்டிவிட்டு, "நில்லு" என்றார். பாட்டு இல்லை, வசனம் இல்லை, ஆட்டம் இல்லை. அரை மணி நேரத்தில் கழுத்து நடுங்கியது. "கழுத்தால தாங்காத. பாதத்துல நில்லு. பாதத்துலேர்ந்து முட்டி, முட்டியிலேர்ந்து இடுப்பு, அப்பறந்தான் முதுகு" என்றார். அந்தக் கோடையில் பத்துப் பன்னிரண்டு ராத்திரி இப்படி நடந்தது. நிற்பது எப்படி என்று என் அப்பாவிடம் முப்பத்தைந்து வயசில் கற்றுக்கொண்டேன்.

*

1990-கள் நமக்கு முக்கியமான காலம். தலித் கலை விழாக்கள் நடந்தன. சாவுக்கு அடிக்க மறுத்த பறையை நாமே விரும்பி மேடையேற்றினோம். பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் (2016-இல் மறைந்தார்) தன்னானே குழுவோடு ஊர் ஊராகப் பாடினார், 'பலி ஆடுகள்' எழுதினார். தலித் அரங்கு என்கிற சொல்லே அப்படித்தான் நிலைத்தது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் வந்தது. அதில்தான் இன்னொரு நந்தனைப் படித்தேன். பண்டிதர் சொல்கிற நந்தன் பௌத்த அரசன். 'வேஷ பிராமணர்'களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறவன், அதனால் சூழ்ச்சியில் கொல்லப்படுகிறவன். நந்தன் என்று ஒரு ராசா இருந்தான் என்று தஞ்சாவூர்ப் பக்கம் நம் ஜனங்களிடம் வாய்மொழியாகவும் பேச்சு உண்டு. இதெல்லாம் சரித்திரமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு அதைப் படித்தபோது வேறொன்று உறைத்தது. வேஷம் போட்டவர்கள் யார் என்கிற கேள்வியைப் பண்டிதர் திருப்பிப் போட்டுவிட்டார். அந்த நந்தனை நடிக்க வேண்டுமானால் கிழிந்த வேட்டி போதாது. கட்டை வேஷம் வேண்டும். அப்பா நாற்பது வருஷம் பழகிய வேஷம்.

அதே 1999 தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் நம் குடிசைகள் எரிந்தன. ஓட்டுப் போடப் போனதற்கு நெருப்பு. நந்தன் கதை முடிந்துபோன கதை என்று யாராவது சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

நம் தோழர்களிடம் எனக்கு ஒரு குறை இருக்கிறது. பறையை எடுத்தோம், பாட்டை எடுத்தோம், கோஷத்தை எடுத்தோம். வாத்தியாரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வதை எடுக்கவில்லை. பத்து நாள் முகாம் போட்டால் நடிகன் ஆகிவிடலாம் என்று நினைத்தோம். ஒடுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒடுக்கப்பட்டவனாக நடிக்க வந்துவிடும் என்று நாமும் நம்பினோம். யோசித்துப் பார்த்தால் அது என் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதேதான்: வேஷம் வேண்டாம், அப்படியே வந்து நின்னா போதும். அப்படியே வந்து நிற்பவனின் உடம்பில் ஆண்டையும் இருக்கிறான், பள்ளிக்கூடமும் இருக்கிறது. அதையெல்லாம் வெளியேற்ற வருஷக்கணக்கில் வேலை செய்யணும். எங்கள் கூத்தாடிகள் அந்த வேலையைப் பேர் வைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள். பட்டயம் இல்லை, விருது இல்லை. ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் ஜமாவின் பதினைந்து பேரில் இன்று இருப்பது இரண்டு பேர். ஒருவருக்குக் காது கேட்பதில்லை. தாளம் போட்டால் மட்டும் தரை அதிர்வை வைத்துப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். கையில் டேப் ரெக்கார்டரோ போனோ இருக்கிற பிள்ளைகள் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய் உட்காருங்கள். கதையைக் கேட்பதோடு விடாதீர்கள். கால் எப்படி வைத்தார்கள் என்று எழுந்து நின்று காட்டச் சொல்லுங்கள்.

அப்பா இல்லை இப்போது. அவருடைய கருமாதிக்கு முதல் நாள் கர்ண மோட்சம் வைத்தோம். கடைசியாக எங்கள் தெருவில் ஆடியது அதுதான்.

போன வருஷம் கடலூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். சேரிப் பிள்ளை. நந்தனாக நடிக்கணும், தானே ஒரு பிரதி எழுதியிருக்கிறேன் என்று பேப்பரை நீட்டினாள். நன்றாகவே எழுதியிருந்தாள். அதை வாங்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து கிரீடத்தை எடுத்துக் கட்டினேன். "நில்லும்மா" என்றேன்.

கொஞ்ச நேரத்தில், "கழுத்து வலிக்குது தாத்தா" என்றாள்.

"கழுத்தால தாங்காத. பாதத்துல நில்லு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள்.